நெத்திலியின் முதல் வருகை: கடலோர மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் கால்நடை மருந்தகத்தை ஊருக்குள் யாரும் அந்தப் பெயரில் சொல்லி நான் கேட்டதில்லை. மாட்டாஸ்பத்திரிதான். பாம்பன், மண்டபம் பக்கம் எங்கள் வாசலில் நிற்பவை பெரும்பாலும் ஆடுகள். நாய் வந்தால் அது வண்டியில் அடிபட்டதாகவோ, இன்னொரு நாயிடம் கடிபட்டதாகவோ இருக்கும். நோய் என்று எதுவும் சொல்லாமல், "புதுசா வளர்க்குறோம், சும்மா காட்டிட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது அபூர்வம். அப்படி வந்த ஒரு குட்டியைப் பற்றிய பதிவு இது. குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன். குட்டியின் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. நெத்திலி.

தை மாதம், பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். வாடைக்காற்று இன்னும் விடவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஓர் அக்காவும் அவருடைய ஒன்பது வயது மகனும் வந்தார்கள். அக்கா கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாசி அள்ளும் வலைப்பையிலேயே குட்டியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான்கு காலும் கண்ணி வழியாக வெளியே தொங்கின. குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் ஷாம்பு வாசனை.

"டாக்டர்கிட்ட போறோம்னு நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டிக் கொண்டாந்தேன் டாக்டரம்மா. வயிறு நிறையப் பாலும் பிஸ்கட்டும் குடுத்தேன். ஷேர் ஆட்டோவுல எல்லாத்தையும் கக்கிருச்சு."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வெறிநாய் ஊசி போட்டுவிட வேண்டும். மூன்று மாதக் குட்டி, ஆண், பாம்பன் கரையில் கிடைத்தது. இவ்வளவுதான் அவர் சொன்ன வரலாறு.

பரிசோதனையில் கண்டது, காணாமல் போனது

வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருப்பது வழக்கம். குறைவாக இருக்கிறதே என்று யோசித்தேன். இரத்தக்குறைவு முற்றிய குட்டிக்கும் உடம்பு குளிர்ந்துபோகும். ஈரத்தோடு ஆட்டோவில் காற்று வாங்கிக்கொண்டு வந்த குட்டிக்கும் குளிர்ந்துபோகும். எது என்று அந்த நிமிடம் என்னால் சொல்ல முடியவில்லை. பழைய துண்டில் சுற்றி, வெயில் விழும் ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து 101.4. குளியல்தான் காரணம். ஒரு மணி நேரம் போயிற்று.

ஈறு வெளுத்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆரோக்கியமான குட்டிக்கு ரோஜா நிறம் தெரியும். இதற்குச் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கொஞ்சம் சிவப்புத் தண்ணீரால் துடைத்த மாதிரி இருந்தது. உடம்பு மெலிவு, வயிறு மட்டும் பானை போல. ரோமம் காய்ந்த பிறகு காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் பழுப்பு உண்ணிகள் தெரிந்தன. குளிப்பாட்டியதில் உண்ணி போகவில்லை. வேறொன்று போய்விட்டது. அதைச் சிறுவன் சொன்னான்:

"கறுப்பா, தாரு மாதிரிப் போகுது. பின்னாடியெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அம்மாதான் கழுவிட்டாங்க."

அக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. "அசிங்கமா இருக்கேன்னுதான் டாக்டரம்மா…"

கறுப்புத் தார் போன்ற மலம் என்றால் குடலில் இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். வெளுத்த ஈறு, பானை வயிறு, மணல் தரையில் பிறந்த குட்டி ஆகியவற்றோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் கொக்கிப்புழு மேல் விழுகிறது. ஆனால் அந்தச் சாட்சியம் வீட்டுக் கிணற்றடியில் ஷாம்புவோடு ஓடிவிட்டது. மாதிரியும் கையில் இல்லை. முதன்முதலாக மருத்துவரிடம் போகும்போது பிராணியைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்ற மரியாதை நம்மவர்களுக்கு இயல்பாக வருகிறது, பெண் பார்க்க வருகிறவர்கள் முன் பெண்ணை அலங்கரித்து நிறுத்துவது மாதிரி. எனக்கோ அழுக்கோடு வந்தால்தான் வேலை எளிது. எங்கே கறை, எங்கே நாற்றம், எங்கே ரோமம் கொட்டியிருக்கிறது என்பதையெல்லாம் வாய் பேசாத பிராணி உடம்பில் எழுதிக்கொண்டுதான் வருகிறது.

வயது

மூன்று மாதம் என்றார்கள். வாயைத் திறந்து பார்த்தேன். பால் பற்கள்தான், கடைவாய்ப் பக்கம் கடைசிப் பல் இன்னும் ஈறைக் கிழித்து முழுதாக வரவில்லை. எனக்கு ஏழெட்டு வாரம் என்றுதான் பட்டது. சிறுவனின் அப்பத்தாவுக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் குரல் வந்தது:

"மூணு மாசமா? யாரு சொன்னா? பெரிய கார்த்திகைக்கு மறுநா, கரையில ஏத்திப்போட்ட வத்தைக்கு அடியில போட்டுச்சு. நாந்தான் கஞ்சி ஊத்துனேன் தாய் நாய்க்கு."

வத்தை என்றால் சின்ன நாட்டுப்படகு. கணக்குப் போட்டால் ஏழு வாரம் முடிந்து எட்டாவது ஓடுகிறது. பல்லும் அப்பத்தாவும் ஒன்றையே சொன்னார்கள். அன்று முதல் யாரிடமும் "எத்தனை மாசம்?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எந்தத் திருநாளை ஒட்டிப் போட்டது?" என்று கேட்கிறேன். கந்தூரி, தேர், தீபம் என்று ஏதாவது ஒன்று சரியாக வந்துவிடும்.

வயது தெரிந்தால் ஊசியே மாறிவிடும். வெறிநோய்த் தடுப்பூசியை 12 வாரத்துக்குப் பிறகுதான் போடுகிறோம். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். "ஒரே ஊசியா போட்டுற வேண்டியதுதானே?" என்று எல்லாரும் கேட்பார்கள். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசியை அது செயல்பட விடாது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் விட்டுவிட்டுப் பல தடவை.

எடை

மருந்தகத்தில் இருந்த தராசு ஆட்டுக்கானது. இரண்டு கிலோக் குட்டியை அதில் நிறுத்தினால் முள் அசைவதா வேண்டாமா என்று யோசிக்கும். கண்ணால் பார்த்து மூன்று கிலோ என்று மதிப்பிட்டேன். பிறகு ஏதோ உறுத்தி, எதிரே இருந்த மீன் கம்பெனிக்குச் சிறுவனை அனுப்பினேன். அவர்கள் எலக்ட்ரானிக் தராசில் மீன் பெட்டியோடு சேர்த்து வைத்தார்கள்: 4 கிலோ 150. பெட்டி மட்டும் 1 கிலோ 850. ஆக, நெத்திலி 2 கிலோ 300 கிராம். என் கண் 700 கிராம் பொய் சொல்லியிருந்தது. வயிற்று உப்பல் ஏமாற்றிவிட்டது. பெரிய நாய்க்கு 700 கிராம் ஒன்றுமில்லை. இந்த உடம்பில் அது கால் பங்குக்கு மேல். எடை பார்த்துக் கொடுக்கும் மருந்தை அந்தக் கணக்கில் கொடுத்திருந்தால் கூடிப்போயிருக்கும்.

கடற்கரை ஊரில் நல்ல தராசு இல்லாத தெரு கிடையாது. கிளம்பும் முன் மீன் தராசிலோ மளிகைக்கடையிலோ எடை போட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏற்கெனவே உள்ளே போன மருந்துகள்

"வேற ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பதுதான் முதல் பதில். "பக்கத்து வீட்ல ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று கேட்டால்தான் கதவு திறக்கும். ஐந்து நாளுக்கு முன் பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டுக்கு ஊற்றும் பூச்சி மருந்தில் "ஒரு மூடி" கொடுத்திருக்கிறார். இரண்டு நாளுக்கு முன், குட்டி சுருண்டு படுத்ததைப் பார்த்து, பையனின் காய்ச்சல் சிரப்பில் கொஞ்சம்.

எந்தப் பூச்சி மருந்து? தெரியவில்லை. "வெள்ளையா இருக்கும்." வெள்ளையாக இருக்கும் ஆட்டு மருந்துகள் எத்தனையோ. போன் செய்து பாட்டிலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். ஆல்பெண்டசோல். நாய்க்குட்டிக்கு நான் எடுக்கும் மருந்து அதுவல்ல; எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்த நிகழ்வுகள் நாய்களில் பதிவாகியிருக்கின்றன. ஒரே ஒரு மூடியால் இவ்வளவு வெளுப்பு வந்திருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் அந்தப் படம் வராமல் போயிருந்தால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்த மருந்தைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். காய்ச்சல் சிரப் பாரசிட்டமால். நாய் சிறிதளவைத் தாங்கிக்கொள்ளும். பூனையாக இருந்திருந்தால் அந்தக் "கொஞ்சம்" உயிரையே எடுத்திருக்கும். கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு பூனை வளர்க்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைக் கொண்டு வாருங்கள். காலியாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். திட்ட மாட்டோம். (திட்டும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் "இல்லை" என்ற பதிலே வருகிறது.)

அன்று நான் ஊசி எதுவும் போடவில்லை. உண்ணிக்கு மட்டும் அந்த வயதுக்கு ஒத்துவரும் ஸ்ப்ரே அடித்து, மறுநாள் காலை மல மாதிரியோடு வரச் சொன்னேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. ஷேர் ஆட்டோ காசு, கடலுக்குப் போகாத ஒரு நாள். "ஊசி போடாமலே அனுப்புறீங்களே." அவர் கேட்டது நியாயம். வருவதற்கு முன் ஒரு போன் செய்ய வாய்ப்பிருந்து, நானும் நான்கு கேள்வி கேட்டிருந்தால், மாதிரியும் மருந்துப் பாட்டிலும் முதல் நாளே வந்திருக்கும். மருந்தகச் சுவரில் போன் எண்ணை எழுதி வைத்தது இதற்குப் பிறகுதான்.

இரண்டாம் நாள்

மாதிரி வந்தது, அப்பத்தாவின் சுண்ணாம்பு டப்பாவில். கழுவித்தான் கொடுத்தாராம். மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் வெள்ளைப் படலம். சுண்ணாம்பு பட்ட மாதிரியில் முட்டை இருந்தாலும் சிதைந்திருக்கும். நல்லவேளையாகக் குட்டி அங்கேயே வாசலில் புதிதாக ஒன்றைக் கொடுத்தது. நெல்லிக்காய் அளவு போதும். சுத்தமான, மூடியுள்ள சின்ன டப்பா. அன்று காலை போனதாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் கொக்கிப்புழு முட்டை ஒரு நாளுக்குள்ளேயே பொரிக்கத் தொடங்கிவிடும், அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது.

மைக்ராஸ்கோப்பில் மெல்லிய ஓட்டோடு நீள்வட்ட முட்டைகள், ஒவ்வொரு பார்வைப் பரப்பிலும். கொக்கிப்புழு உறுதி. குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும் புழு. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும், பிறகு மணலிலிருந்து தோல் வழியாகவும் ஏறும். 2.3 கிலோவுக்குக் கணக்கிட்டுப் பைரன்டெல் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி.

இங்கேதான் என் தவறு. மாத்திரைச் சீட்டை வாங்கக் கை நீட்டியபோது அக்கா விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வார்கள், அப்படியும் கிழிக்கும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பிளந்த, ஆறாத கீறல்கள். அவர் கையைக் கீழே தொங்கவிட்ட உடனே நெத்திலி போய் நக்கியது. பழக்கப்பட்ட நக்கல். "புண்ணு ஆறிரும்னு அப்பத்தா சொல்லும், விட்ருவேன்" என்று சிரித்தார்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் குட்டியின் பல்லையும் காதையும் பார்த்தவள், அதை வளர்ப்பவரின் கையைப் பார்க்கவில்லை. பையனிடம் கேட்டேன். முழங்கையை நீட்டினான். விளையாட்டில் ஊசிப் பல் பதிந்து, தோல் உரிந்து, இரத்தம் வராத கோடுகள்.

வெறிநோய் நம் நாட்டில் இன்னும் தெரு நாய்கள் வழியாகப் பரவிக்கொண்டிருக்கும் நோய். குட்டி என்பதால் விதிவிலக்கு இல்லை. கடி, கீறல், நக்கல் எல்லாவற்றையும் ஆபத்தைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரிப்பார்கள். காயம்பட்ட தோலில் எச்சில் படுவது, இரத்தம் வரக் கடிப்பது இரண்டும் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, காயத்தில் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள்) செலுத்த வேண்டிய வகை. இரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி தேவை. குட்டி ஆரோக்கியமாகத் தெரிகிறதே என்று காத்திருக்கக் கூடாது. முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. என் குழாயடியிலேயே இருவரையும் நிற்கவைத்துக் கழுவச் சொன்னேன். பிறகு நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். முடிவு அங்குள்ள மருத்துவருடையது. அன்றே தொடங்கிவிட்டார்கள்: தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். காசு கிடையாது.

அதோடு குட்டியைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னேன். கட்டிப்போட்டு, சாப்பிடுகிறதா, குரல் மாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று. அந்தப் பத்து நாளில் எனக்கு இன்னொரு கவலையும் சேர்ந்திருந்தது. முதல் நாள் அக்கா வரிசையில் நிற்கும்போது வலைப்பையை வராந்தாத் தரையில் இறக்கி வைத்திருந்தார். ஒரு வாரத்துக்கு முன் அதே வராந்தாவில் பார்வோ வந்த குட்டி ஒன்று இரத்தமாகக் கழித்திருந்தது. ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவினோம்தான். ஆனால் அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. 1978 வாக்கில் உலகெங்கும் நாய்களிடையே புதிதாகக் கிளம்பியதிலிருந்து ஏராளமான குட்டிகளைக் கொன்றிருக்கிறது. தொற்றினால் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வாந்தியும் கழிச்சலும் தெரியும். தடுப்பூசி போடாத குட்டியை ஆஸ்பத்திரித் தரையில் விடாதீர்கள் என்று நான் சொல்வது சும்மா இல்லை. மீன் பெட்டி ஒன்று, அடியில் பழைய சேலை, மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழிந்தது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

பிறகு

இரண்டு வாரத்தில் 3 கிலோ 100. ஈறு சிவந்திருந்தது. இரண்டாவது பூச்சி மருந்தும் முதல் கூட்டுத் தடுப்பூசியும் அன்று. அடுத்த தேதியைக் குறிக்கும்போது அக்கா ஒரு திருத்தம் சொன்னார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நாட்களில்தான் பாசிக்குப் போவது. "அட்டமி வாக்குல வையுங்க டாக்டரம்மா, வீட்லதான் இருப்பேன்." இன்று அட்டமி என்றால் நான்கு வாரம் கழித்தும் ஏறத்தாழ அட்டமியே, ஒன்றரை நாள்தான் தள்ளிப்போகும். தடுப்பூசி இடைவெளியும் பிறையும் இப்படி ஒத்துப்போகும் என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. அதன் பிறகு அந்தக் குப்பத்துக்காரர்களுக்கெல்லாம் பிறை பார்த்துத்தான் தேதி. தவறுவது குறைந்தது.

13ஆம் வாரத்தில் இரண்டாவது கூட்டுத் தடுப்பூசி, கூடவே அவர்கள் முதல் நாள் கேட்ட வெறிநோய்த் தடுப்பூசி. இனி அது ஆண்டுக்கு ஒருமுறை. 17ஆம் வாரத்தில் மூன்றாவது. அப்போது எடை 6 கிலோ 200, மீன் கம்பெனித் தராசுப்படி. எடையைப் பையன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருந்தான். பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள்; ஆட்டோவில் வாந்தி இல்லை.

சாப்பாடு பற்றியும் பேசினோம். பால் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, முள் நீக்கி வேகவைத்த மீனும் சோறும், வாரத்தில் சில நாள் முட்டையும். கருவாடு வேண்டாம், உப்பு. எல்லாவற்றையும்விடக் கரையில் வலை உதறிய இடத்தில் கிடக்கும் பேத்தை மீன்தான் (பந்து போல உப்பும் நச்சு மீன்) எனக்குப் பயம். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது, மாற்று மருந்தும் கிடையாது. அடுத்தது தங்கூசி நரம்பு, அதாவது தூண்டில் நைலான் நரம்பு. மீன் வாசனைக்கு அதை மென்று விழுங்கினால் குடலைச் சுருட்டி அறுத்துவிடும். வாயில் நரம்பு தொங்கினால் இழுக்காமல் அப்படியே தூக்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் நேராகிவிடவில்லை. 17ஆம் வார மாதிரியிலும் கொக்கிப்புழு முட்டை இருந்தது, குறைவாக. வீட்டு முற்றம் மணல். தென்னை நிழலில் ஈரம் காயாத மணல். அங்கேதான் நாய் படுக்கிறது, அங்கேதான் எல்லாரும் உட்கார்ந்து பாசி உலர்த்துகிறார்கள். ஆறு மாதம் வரை மாதாமாதம் பூச்சி மருந்து, மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பது, மனிதர்கள் செருப்புப் போட்டு நடப்பது. நாய்க் கொக்கிப்புழு மனிதத் தோலிலும் நுழையும். அரிப்போடு நெளிநெளியாகச் சிவந்த கோடு போடும். பையன் செருப்பு போடுகிறான். அக்காவும் போடுகிறார். அப்பத்தா மட்டும் இன்னும் போடவில்லை. எழுபது வருசமா இந்த மணல்ல நடக்குறேன், ஒரு நாய்க்குட்டிக்காகச் செருப்பு மாட்டணுமா என்று பேரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.